வாளியிடம் சொன்னது

காஜாக்காவுக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். அது சரியான வார்த்தை இல்லை. நீளமானது எங்காவது போய் முடியும். அவளுடையது கத்தரிக்கோல் ரகம். திறந்தால் எதையாவது நறுக்கிவிட்டுத்தான் மூடும். பால்காரர் அவள் வீட்டு வாசலில் மட்டும் மணி அடிப்பதில்லை, பாக்கெட்டை வைத்துவிட்டு நழுவிவிடுவார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் அவள் வருவதைக் கண்டால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். ஒருமுறை பதற்றத்தில் தலைகீழாகத் தூக்கிவிட்டார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சொந்தப் பெயர் அவளுக்கு வருகை அட்டையில் மட்டும்தான். சீருடை தைக்கும் கூடத்தில் இருபத்தோரு வருடமாகக் காஜா மெஷினில் உட்கார்வதால் அவள் காஜாக்கா. சட்டையில் பட்டன் நுழையும் துளை போடுகிற மெஷின் அது. ஊசி நாலு பக்கமும் ஓடி நூலால் வரப்புக் கட்டும். கட்டி முடித்ததும் நடுவில் ஒரு சின்னக் கத்தி 'டக்'கென்று விழும். தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். துளை தப்பினால் சட்டை போச்சு. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் முறை அந்தக் கத்தி விழுவதைப் பார்த்துப் பார்த்து, யோசித்துச் செய்வது என்கிற பழக்கம் கைக்கு வந்தது, வாய்க்கு வரவில்லை.

வீடு இரண்டு அடுக்கு. கீழே அவளும், பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவரும். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மேலே கணவரின் தம்பியும் அவன் மனைவியும். தம்பி எலக்ட்ரீஷியன். தம்பி மனைவி பட்டம் வாங்கியவள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவள். காஜாக்கா அவளைப் பெயர் சொல்வதில்லை, ஓரகத்தி என்று உறவு சொல்வதுமில்லை. 'மாடி' என்பாள். "மாடி இன்னிக்கு எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சுது" என்றால் கட்டடத்தைப் பற்றிய தகவல் இல்லை அது.

இருவரும் பேசி ஆறு வருடம். காரணம் ஒரு குக்கர். மாடி இரவல் வாங்கிய குக்கர் திரும்பி வந்தது, அதன் மேல் வைக்கிற வெயிட் வரவில்லை. "குடுக்கறப்பவே இல்லையே" என்றாள் மாடி. "வெயிட் இல்லாத குக்கரை எவளாவது கேட்டு வாங்குவாளா?" என்றாள் காஜாக்கா. அதற்குமேல் சொல்லப்பட்டவற்றில் குக்கர் இல்லை. ஒருத்தியின் படிப்பும் ஒருத்தியின் படிப்பின்மையும் இருந்தன, பிறந்த வீடுகள் இருந்தன. மாமனார் இறந்தபோதுகூட இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே துண்டில் மூக்கைத் துடைத்தார்கள், பேசவில்லை.

ஆனால் பின்கட்டு ஒன்றுதான். ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு மோட்டார் சுவிட்ச். பேசாமல் எப்படி நடக்கும்? அதற்கு ஒரு முறை தானாக உண்டாகியிருந்தது. சொல்ல வேண்டியதை ஆளிடம் சொல்லக் கூடாது. வாளியிடம் சொல்லலாம், சுவரிடம் சொல்லலாம். கேட்டவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. உடனே எழுந்து போய்ச் சொன்னதைச் செய்துவிட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். கொஞ்ச நேரம் விட்டு, தனக்கே தோன்றியதுபோலப் போய்ச் செய்ய வேண்டும். 'டேங்க் நிரம்பி வழியுது' என்று வாளிக்குத் தகவல் போனால், கால்வாசித் தண்ணீர் தெருவில் ஓடிய பிறகுதான் மோட்டார் நிற்கும். அண்ணனும் தம்பியும் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், தெருமுனைக் கடையில் சேர்ந்து டீ குடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மகள் ஊருக்குப் போன வருடம் முயல் வந்தது. தையல் கூடத்துக் காவலாளி வேலையை விட்டுப் போகும்போது ஒரு ஜோடியைத் தள்ளிவிட்டுப் போனார். பின்கட்டில் கூண்டு வைத்தாள். வெள்ளைப் பெட்டைக்கு மைதா என்று பெயர். சாம்பல் ஆணுக்குப் புகை. எட்டு மணி நேரம் நாற்பது மெஷின்களின் இரைச்சலில் இருந்துவிட்டு வந்தால், வாயே திறக்காத ஒரு ஜீவனோடு உட்கார்வது காஜாக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. எதிர்த்துப் பேசாத ஒரே உயிர் என்று அவள் கணவர் சொன்னார். "நீங்க எப்ப எதிர்த்துப் பேசிக் கிழிச்சீங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அவள் சொன்னதை நிரூபித்தார்.

முயல் வளர்ப்பில் அவள் கெட்டிக்காரி. அதையும் சொல்லத்தான் வேண்டும். மைதா ஈனுவதற்கு முதல் நாள் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கிக் கூண்டுக்குள் இருக்கும் பலகைப் பெட்டியில் மெத்தை போடுவதைப் பார்த்து, அன்று மட்டும் கூண்டுக்குத் திரை கட்டுவாள். தாய் முயல் நாள் முழுக்கக் குட்டிகளோடு கிடக்காது, விடியற்காலை ஒருமுறை பெட்டிக்குள் தாவி மூன்று நிமிடம் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும், அவ்வளவுதான் அதன் பாசம் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடம் ஒரு குட்டி பெட்டிக்கு வெளியே விழுந்து விறைத்துக் கிடந்தது. கணவர் செத்துவிட்டது என்றார். அவள் அதைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கே போய்விட்டாள். பத்து மணிக்கு நெஞ்சுக்குள் அது நெளிந்தது. "குளுந்துபோன குட்டி செத்த குட்டி இல்லடி. சூடு காட்டிப் பார்த்தப்புறம்தான் செத்துச்சுன்னு சொல்லணும்" என்று பட்டன் வைக்கிற பெண்ணிடம் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை மைதா எட்டுக் குட்டி போட்டது. ஏழு கொழுத்தவை. எட்டாவது மற்றவற்றில் பாதி. மயிர் முளைக்காத உடம்பெல்லாம் வெளுப்பு, இடது காதின் அடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. மெஷின் எண்ணெய் பட்ட வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது அவளுக்கு. விற்கப்போகிற குட்டிகளுக்கு அவள் பெயர் வைப்பதில்லை. இதற்கு மட்டும், யார் காதிலும் விழாமல், கறை என்று வைத்தாள்.

கறையால் மற்ற ஏழோடு முட்டி மோதிப் பால் குடிக்க முடியவில்லை. அதனால் தினமும் விடியலில் அவள் மற்றவற்றைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கறையை முதலில் மைதாவின் மடியில் சேர்ப்பாள். அது பிடித்தால் விடாது. மைதா எழுந்த பிறகும் தொங்கும். அவள்தான் விரலால் வாயை விலக்கிப் பெட்டிக்குள் போடுவாள். மூன்றாம் நாள் அது கொஞ்சம் உருண்டது. அன்று முழுவதும் கூடத்தில் யாரையும் திட்டவில்லை என்று சூப்பர்வைசரே கவனித்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நான்காம் நாள் மாலை மாடி துணி எடுக்க இறங்கி வந்தது. பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, துவைக்கிற கல்லிடம் சொன்னது: "முன்பலகை நாலு விரல்தான் இருக்கு. ஆறு விரலாவது வேணும். தாய் எகிறும்போது குட்டி தொங்கிட்டு வெளிய வந்துரும்."

காஜாக்கா மைதாவைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டியா? போன்ல ரெண்டு பக்கம் படிச்சுட்டு எனக்கு முயல் வளர்க்கக் கத்துக் குடுக்க வந்துட்டாங்க. ஒரு புழுவையாவது வளர்த்த கையா அது?"

மாடிக்குக் குழந்தை இல்லை. அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று காஜாக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். படிக்கட்டில் காலடிச் சத்தம் வேகமாக ஏறிப் போயிற்று.

பலகை குட்டையாக இருப்பது அவளுக்கே இரண்டு நாளாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு அடிக்கலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது அடித்தால் மாடி சொல்லி அடித்ததாகிவிடும். ஒரு வாரம் போகட்டும் என்று விட்டாள்.

ஆறாம் நாள் காலை பனி கொட்டியது. மைதா அன்று பெட்டிக்குள் போக நேரமாக்கியது. காஜாக்கா காத்துப் பார்த்தாள். கணவர் வேனை எடுத்துக்கொண்டு போயாயிற்று, அடுப்பில் உலை கொதிக்கிறது. கூண்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பூட்டு மூன்று மாதமாகத் தொங்குகிறது. புகைக்கு ஒருநாள் வயிறு போனபோது, மாடிதான் முட்டைக்கோஸ் போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி வாங்கி மாட்டியது. சாவி அவள் கைப்பையில் இருக்கும்.

டிபன் பாக்ஸில் சோற்றை அழுத்திக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது.

"வெள்ளை முயலோட குட்டி ஒண்ணு பெட்டிக்கு வெளிய கெடக்கு. கம்பி மேல."

வாளியிடம்தான் சொன்னது. ஆனால் அதில் குத்தலும் இல்லை, கிண்டலும் இல்லை. தகவல். காஜாக்காவின் கை நின்றது. ஒரு கணம் உடம்பு வாசல் பக்கம் திரும்பியும் விட்டது. பிறகு நின்றுகொண்டாள். நேற்று முன்தினம்தான் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறோம். அவள் கூப்பிட்டதும் ஓடினால், பலகை விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று காலில் விழுந்த மாதிரி. பொய்யாகவும் இருக்கலாம், நம்மை ஓட வைத்துப் பார்க்க. பொய்யில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை அவள் டிபன் பாக்ஸின் மூடியோடு சேர்த்து அழுத்தினாள்.

"கம்பி மேல கெடக்கு. அசையுது" என்று இரண்டாம் முறை கேட்டது, உரக்க.

போகட்டும், அவள் மேலே போகட்டும். காஜாக்கா ஜன்னல் ஓரமாக நின்று காத்தாள். மாடி போகவில்லை. ஒரு துணியை உதறியது, கொடியில் போட்டது. அடுத்ததை உதறியது. கூண்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தது. இவள் நகரவில்லை. ஒரு பக்கெட் துணி முழுவதும் காயப்போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு மாடி வெறும் வாளியோடு படியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அதுதான் காரணம் என்பதுபோல் கைப்பையை மாட்டிக்கொண்டு காஜாக்கா வெளியே வந்தாள். பூட்டைத் திறந்தாள். கூண்டின் தரைக் கம்பியில், பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில், கறை மல்லாந்து கிடந்தது. குழாய்போல் சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். காதின் கீழ் இருந்த பொட்டு மட்டும் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

சட்டைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். போன வருடம் போனாளே. ஆனால் படிக்கட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்க்க இதை நெஞ்சில் வைத்துச் சூடு காட்டினால், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று அந்தக் கண் கேட்கும். செத்துவிட்டால் அந்தக் கேள்வி இல்லை.

"செத்துப்போச்சு" என்று மைதாவிடம் சொன்னாள், மாடிக்குக் கேட்கும்படி. "வயித்தெரிச்சல் புடிச்சவங்க வந்து எட்டி எட்டிப் பார்த்தா எது தங்கும்?"

வெட்டுத்துணி ஒன்றில் அதைச் சுற்றித் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, காக்கை கொத்தாமல் இருக்க ஒரு மக்கைக் கவிழ்த்து மூடினாள். சாயங்காலம் புதைத்துக்கொள்ளலாம். கூண்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கூடத்தில் அன்று வெள்ளைச் சட்டைகள். பதினொன்றேகாலுக்கு மெஷின் பலகைமேல் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் 'மாடி' என்று வந்தது. ஆறு வருடத்துக்கு முன் பதிந்த எண். அழிக்கக்கூடத் தோன்றாமல் கிடந்தது. ஒருமுறைகூட அதிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

அவள் துண்டித்தாள்.

"யாருக்கா?" என்றாள் பட்டன் வைக்கிற பெண்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்குப் பேரெல்லாம் வருதேக்கா."

"கண்ண எடுத்துப் பட்டன்ல வைடி. நாலு ஓட்டைல மூணுல நூல் ஏத்திட்டுப் பேச வந்துட்டா."

மறுபடி அதிர்ந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறாள், காலையில் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று காஜாக்கா நினைத்தாள். அல்லது, அப்படி நினைத்துக்கொள்ள முடிந்தது. துண்டித்துவிட்டுப் போனைக் கவிழ்த்துப் போட்டாள். அடுத்த சட்டையில் காஜா, பட்டன் பட்டிக்கு ஒரு விரல் தள்ளி, பாக்கெட்டின் மேல் விழுந்தது. கத்தியும் விழுந்துவிட்டது. ஒரு பட்டனுக்கும் உபயோகமில்லாத ஒரு துளை. இருபத்தோரு வருடத்தில் பாக்கெட்டில் துளை போட்டது அதுதான் முதல் தடவை. சட்டையைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மக் நிமிர்ந்து கிடந்தது. துணிப் பொட்டலம் இல்லை.

அவளுக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. காலையிலிருந்து தன் பக்கம் திரும்பி நின்ற ஒன்றை வேறு பக்கம் திருப்ப இடம் கிடைத்துவிட்டது. பையைக்கூட இறக்காமல் கூண்டின் முன்னால் நின்று ஆரம்பித்தாள்.

"பாத்தியா மைதா! செத்ததைக்கூட விட்டு வெக்கல. புதைக்கலாம்னு வெச்சுட்டுப் போனா, தூக்கிப் பூனைக்குப் போட்டாச்சு! மனுசங்களா இதுங்க? கூடப் பொறந்த புத்தியா, படிச்சு வந்த புத்தியா?"

எதிர்வீட்டில் செய்தித்தாள் உயர்ந்தது. வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்த கணவர், "இந்தா, தெருவெல்லாம் கேக்குது" என்றார்.

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தான் சொல்றேன்."

படிக்கட்டில் மாடி இறங்கி வந்தது. கையில் ஒரு செருப்பு டப்பா. முகம் வெளுத்திருந்தது. கல்லைப் பார்க்கவில்லை, வாளியைத் தேடவில்லை. நேராக வந்து காஜாக்காவின் முகத்துக்கு எதிரில் நின்றது.

"அக்கா. அது சாகல."

ஆறு வருடமாகக் கேட்காத 'அக்கா'. வசவுபோல இருந்தது.

"நீங்க கேட் தாண்டறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். காலு இழுத்துச்சு. சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன், நீங்க போன வருசம் போட்டுக்கிட்டுப் போனீங்களே, அது மாதிரி. ஒம்பதரைக்கு அசைஞ்சுது. பத்து மணிக்கு வாயத் தொறந்து தொறந்து தேடுச்சு. தாய்கிட்ட விடலாம்னா கூண்டு பூட்டு. சாவி உங்க பையில. காது மருந்து பாட்டில்ல பால் ஊத்திக் குடுத்தேன். எவ்வளவு குடுக்கணும்னு எனக்குத் தெரியல. நான் புழுவைக்கூட வளர்த்தவ இல்லையே. மூக்குல ஏறிடுச்சு. பன்னெண்டே முக்கால் வரைக்கும் இருந்துச்சு."

காஜாக்கா டப்பாவை வாங்கவில்லை. "தெரியலைன்னா கேக்கணும்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"போன் பண்ணேன்."

"என் போன்ல சார்ஜ் இல்ல."

"சார்ஜ் இல்லையா?" என்றார் கணவர், ரொம்ப நல்லவராக. "மத்தியானம் ஒன்றரைக்கு நான் பண்ணினப்ப எடுத்தியே?"

மைதா தண்ணீர்ப் பாட்டிலின் குழாயை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு தடவை பண்ணேன்" என்றாள் மாடி. "ரெண்டு தடவையும் கட் ஆச்சு. பேர் பார்த்துதானே கட் பண்ணீங்க? காலையிலயும் ரெண்டு தடவை சொன்னேன். ஜன்னல்ல உங்க தலை தெரிஞ்சுது. நீங்க கேட்டீங்க. கேட்டுட்டு நின்னீங்க."

"நீ மட்டும் என்ன? துணி காயப்போட்டுட்டு நின்னியே! கதவத் தட்டினா கை தேஞ்சிருமா? உள்ள வந்து, முட்டாளே வந்து பாருன்னு சொல்ல வாய் வரலையா? ஆறு மாசக் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி வாளிக்குச் சொன்ன!"

"ஆமா. தட்டல" என்றாள் மாடி. "தட்டியிருக்கணும். தட்டினா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும், அதான் தட்டல. அதுக்கு நான் அழுதாச்சு. நீங்க எப்ப அழப் போறீங்களோ அழுங்க." டப்பாவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டப்பாவுக்குள் ஒரு பழைய ஸ்வெட்டரின் கை. சூடு ஆறிய ஒரு தண்ணீர் பாட்டில். நடுவில் கறை. வாயோரம் பால் காய்ந்து வெள்ளைப் பொருக்காக இருந்தது. யாரோ அதை ஈரத்துணியால் பாதி துடைத்து, பிறகு துடைக்க மனமில்லாமல் விட்டிருந்தார்கள். கணவர் மண்வெட்டி எடுத்து வந்தார். "நகருங்க" என்று அவரிடமிருந்து பிடுங்கி அவளே தோண்டினாள். முயல் குட்டிக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு ஆழம் தோண்டினாள்.

அன்று இரவு அவள் அழவில்லை. அழுதால் மேலே கேட்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தான் அழக்கூடிய இடத்தில் இல்லை என்ற உறுத்தல். பிடித்தால் விடாமல் தொங்கப் பழக்கியதே நான்தானோ? பலகை, ஜன்னல், மக், போன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதிலாவது ஒன்றில் தவறு முழுசாக மாடியுடையதாக இருந்துவிட்டால் தூங்கிவிடலாம். ஒவ்வொன்றிலும் பாதிதான் மாடி. மீதிப் பாதி இங்கேயே கிடந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, சுத்தியலும் இரண்டு ஆணியும் ஒரு பலகைத் துண்டுமாகக் கூண்டின் முன் உட்கார்ந்தாள். மைதா பால் கொடுத்து முடித்து வெளியே தாவியிருந்தது. குட்டிகளை மடியில் கொட்டி எண்ணினாள். ஏழு. ஏழும் பந்துபோல் இருந்தன. பெட்டியைத் திருப்பி, முன்பலகையின் மேல் துண்டை வைத்து முதல் ஆணியை அடித்தாள். சத்தத்துக்கு மேலே கதவு திறந்தது.

தண்ணீர் பிடிக்க இறங்கிய மாடி குழாயடியில் நின்றது. வாளி நிரம்பும் வரை சும்மா நின்றது. பிறகு, பழக்கம் விடுமா, வாளியைப் பார்த்துச் சொன்னது: "அஞ்சு விரல்தான் வருது. இன்னும் ஒரு விரல் வேணும்."

காஜாக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"வாளி என்ன முயலா வளர்க்குது? சொல்றத மூஞ்சியப் பார்த்துச் சொல்லுடி."

"சொன்னா கடிப்பீங்க."

"கடிப்பேன். கடிச்சா செத்தா போயிருவ?"

மாடி அவளை நிமிர்ந்து பார்த்தது. "இன்னும் ஒரு விரல் வேணும்" என்றாள், முகத்தைப் பார்த்து.

"தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு." காஜாக்கா அடித்த ஆணியைப் பிடுங்கினாள். பலகைத் துண்டை ஒரு விரல் உயர்த்திப் பிடித்துத் திரும்ப அடித்தாள். ஆணி கோணலாக இறங்கியது. நிமிர்த்தி அடித்தாள்.

வேலைக்குக் கிளம்பும்போது அவள் கூண்டைப் பூட்டினாள். பூட்டாமல் போக அவளால் முடியவில்லை. ஆனால் சாவியைப் பையில் போடாமல் படிக்கட்டின் அடியில் நின்று, "இந்தா" என்றாள். மேலேயிருந்து தலை எட்டிப் பார்த்தது.

"நான் போனப்புறம் இதுங்கள்ல ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சு, உன்னைத்தான் கேப்பேன். சாவி இந்தக் கல்லு மேல வெக்கிறேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"என்ன பெரிய வேலை, தட்டிக்கிட்டே இருக்கறதுதானே. நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சு வந்து பாரு. முட்டைக்கோஸ் கிட்டைக்கோஸ் போட்டா கைய ஒடிப்பேன்."

"நான் எப்பவும் போட்டதில்ல" என்றாள் மாடி. "குக்கர் வெயிட்டும் என்கிட்ட இல்ல."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றுவிட்டு காஜாக்கா நடந்தாள். தெருமுனை திரும்பும் வரை சாவியைக் கல்லிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனாள். கேட்கவில்லை. அவள் போன பிறகு எடுப்பாள். எடுக்காமலும் இருக்கலாம்.

கூடத்தில் அன்றும் வெள்ளைச் சட்டைகள். போனைத் திரை தெரியும்படி மெஷின் பலகைமேல் நிமிர்த்தி வைத்தாள். பதினொன்றேகால் ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. அது அதிரவில்லை.

"ஏழும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிருமா இதுக்கு?" என்றாள்.

"யாருக்குக்கா?" என்றாள் பட்டன் வைக்கிற பெண்.

காஜாக்கா காலடியில் சுருட்டி வைத்திருந்த நேற்றைய சட்டையை எடுத்து விரித்தாள். பாக்கெட்டில் போட்ட துளை அப்படியே இருந்தது. விரலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசர் மேஜைக்கு எடுத்துப் போய், "இது நான் போட்டது" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.